புது பேஸ் கிடார்

ஓட்டல் இசைக்குழுவில் டிரம்முக்கு அருகிலேயே நின்று பேஸ் கிடார் வாசித்துக் காலம் தள்ளியவர் சித்தப்பா. சமீபமாக, சத்தம் மந்தமாகிவிட்டதென்று தன் கிடாரைத் திட்டிக்கொண்டிருந்தார். அதே பழைய மாடலைக் கம்பெனிக்காரர்கள் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள் என்றதும் என்னையும் கடைக்கு இழுத்துப்போனார்.

அங்கே இரண்டு பேஸ்காரர்கள் அந்தப் புது கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பழசோட கனம் எங்கய்யா? இது பொம்மை."

"போய்யா! கணீர்னு கேக்குது, உனக்கு வயித்தெரிச்சல்."

சித்தப்பா வாங்கி வாசித்தார். முகம் சுருங்கியது. ஒலியைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார்.

"அண்ணே, கண்ணாடி உடைஞ்சிரும்!" என்று கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

மேடை இரைச்சலில் செய்வதுபோல, சித்தப்பா கிடாரின் கட்டையில் தாடையை அழுத்திக்கொண்டு மீட்டினார். எலும்பு வழியே கணீரென்று கேட்டிருக்க வேண்டும். கை நின்றுவிட்டது.

"கிடார்ல ஒரு குறையும் இல்லடா," என்றார். என் காதோடு சொல்வதாகத்தான் நினைத்தார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.