மூடியில் எழுதி ஒட்டியிருந்தேனே!

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் சிங்கப்பூரில், ஜாலான் புசார் பக்கம் இருந்த ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் டைப்பிஸ்ட். தோ பாயோ வீட்டிலிருந்து பஸ் பிடித்து, சிராங்கூன் ரோட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஆபீஸ் வந்துவிடும். வருடக் கடைசியில் ஆபீஸிலேயே ஒரு பார்ட்டி வைப்போம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லோரும் இருந்த இடம், மேஜை கொள்ளாமல் சாப்பாடு வந்து இறங்கும்.

அத்தனை சாப்பாட்டுக்கு நடுவிலும் ஒருத்தி மட்டும் ஆரஞ்சுப் பழமும் சிப்ஸும் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அடுத்த மேஜையில் கணக்குப் பார்த்த மலாய் முஸ்லிம் தோழி. யார் வீட்டுச் சட்டியில் என்ன வெந்ததோ என்று அவளுக்குத் தெரியாதே! யாராவது வற்புறுத்தினால் "வயிறு நிறைஞ்சிருக்கு" என்று சிரிப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போலிருக்கும். நான் செய்து கொடுக்கலாம் என்றால், எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். பண்டிகை வந்தால் எங்கள் வீட்டில் பன்றிக்கறி இல்லாமல் இருக்காது. என் சட்டியில் சமைத்ததை எந்த முகத்தோடு அவளுக்குக் கொடுப்பது?

அந்த வருடம் ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாமே புதுசாக வாங்குவது, ஆபீஸிலேயே சாஸில் சாசேஜ் சமைப்பது. அப்போது மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கிற ஸ்லோ குக்கர் கடைகளில் வந்து பிரபலமாகிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று வாங்கினேன். கூடவே ஒரு கத்தி, ஒரு வெட்டுப் பலகை, ஒரு கரண்டி. "சாசேஜுக்குக் கல்யாணச் சீர் வாங்குறியா?" என்று என் கணவர் கிண்டல் செய்தார். எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கடையிலிருந்து நேரே ஆபீஸ் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

சாசேஜ் வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு கேலாங் சிராய் சந்தைக்குப் போனேன். அவளுக்குத் தெரிந்த மலாய்க்காரர் கடையில், அவளே பார்த்து எடுத்துக் கொடுத்த கோழி சாசேஜ். மாட்டிறைச்சி சாசேஜும் இருந்தது. ஆபீஸில் இருந்த இந்துக்களை நினைத்து வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். அவள் அப்படி மற்றவர்களை நினைத்துப் பார்க்கிறவள். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவளை நினைத்துப் பார்க்க பார்ட்டி அன்றைக்கு ஓர் ஆளுக்கு மனசு வரவில்லை.

பார்ட்டி அன்று காலை வந்ததும், நாங்கள் தேநீர் போடுகிற சின்ன அறையான பேன்ட்ரியில் வேலையை ஆரம்பித்தேன். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, தக்காளி சாஸ், மிளகாய் சாஸ், அன்னாசி ஜாம் எல்லாம் கலந்து, சாசேஜைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, ப்ளக்கைச் செருகிவிட்டேன். ஒரு சின்ன அட்டையில் 'கோழி, ஹலால்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி மூடியில் ஒட்டினேன். மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுக்க மணம். கப்பல் பேப்பர்களை டைப் அடிக்கும்போதே என் வாயில் எச்சில் ஊறியது.

சாயங்காலம் மேனேஜர் இரண்டு வார்த்தை பேசி முடித்ததும், முதல் தட்டை என் தோழிக்குத்தான் கொடுத்தேன். பல்குச்சியால் ஒன்றைக் குத்தி வாயில் போட்டாள். "நல்லா இருக்கு லா!" என்று சிங்கப்பூர் ஆங்கிலத்தில் சொல்லிக் கண்ணை விரித்தாள். இன்னொன்றும் சாப்பிட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். ஒரே கடி. எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து தின்று வளர்ந்த நாக்கு, அதை ஏமாற்ற முடியாது. அது பன்றி.

கரண்டியை விட்டுக் கிளறினேன். நான் வெட்டிப் போட்ட துண்டுகளுக்கு நடுவில், விரல் நுனி அளவில் முழுசு முழுசாக வேறு சாசேஜ்கள். சாஸ் கெட்டியாக மூடியிருந்ததால் மேலே பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

எங்கள் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தார். அவரும் தமிழர்தான். நான் அவரை "அண்ணே" என்பேன், அவர் என்னைத் "தங்கச்சி" என்பார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான்தான் போட்டேன் தங்கச்சி. ரெண்டு பாக்கெட் வாங்கியாந்தேன், பொரிக்க இங்க அடுப்பு இல்ல. உன் குக்கர்ல எடம் இருந்துச்சு, தட்டிவிட்டுட்டேன்."

"மூடியில எழுதி ஒட்டியிருந்தேனே, பாக்கலையா அண்ணே?"

"பாத்தேன் லா. சாஸ்ல போட்டா எல்லாம் ஒண்ணுதானே?"

பார்த்தாராம்! பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறந்து கொட்டியிருக்கிறார். அடுப்பு இல்லை என்பதற்காக! நான் தோழி பக்கம் திரும்பியதும் அவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஏய், சொல்லிராத. அவங்கதான் ரெண்டு சாப்ட்டாச்சே, இப்ப சொல்லி என்னா ஆவப்போவுது? பாவம், அழுவாங்க. இப்ப இங்க நிக்கிற தமிழ் ஆளுங்க நாம ரெண்டு பேர்தான். நமக்குள்ள இருக்கட்டும்."

என் தோழி நான்கடி தள்ளி நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தமிழ் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவளைப் பற்றி, அவளுக்கு எதிரில், அவளுக்குப் புரியாத மொழியில் இந்த மனுஷன் பேரம் பேசுகிறார், நானும் அதே மொழியில் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்! அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவரைத் தள்ளிவிட்டுப் போய், அவள் கையிலிருந்த தட்டை வாங்கினேன். நடந்ததை ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யார் போட்டது என்பதையும் சொன்னேன். பாடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள்.

அவள் நேரே கழிவறைக்குள் போனாள். வாய் கொப்பளிக்கிற சத்தம் வெகு நேரம் கேட்டது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். கண் சிவந்து வெளியே வந்தவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நான் சாப்பிட்டது எது?"

கோழிதான் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எனக்குத் தெரியாதே. "தெரியலை" என்றேன். தலையை ஆட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

குக்கரில் இருந்ததை அப்படியே குப்பையில் கொட்டினேன். மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் அமைதியாகக் கையாண்டிருக்கலாம் என்று புத்தி சொன்னார். எனக்கு! கொட்டியவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. புது வருடம் பிறந்து ஆபீஸ் திறந்தால், பார்ட்டியைக் கெடுத்தவள் என்று எனக்குப் பேர் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் தேநீர் குடிக்கும்போதெல்லாம், "அந்தப் பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னுதான் நான் மறைச்சேன், தங்கச்சிதான் போட்டு உடைச்சு அழ வச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்றவர்களிடம் ஆங்கிலத்திலும் அதையேதான் சொன்னார்.

ஒருநாள் பேன்ட்ரியில் அவர் அப்படி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் தோழி உள்ளே வந்தாள். அதுவரை அந்த விஷயத்தை அவள் யாரிடமும் பேசியதில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் நிதானமாகச் சொன்னாள்: "என்னை அழ வச்சது அவ இல்ல. நான் எதைத் தெரிஞ்சுக்கணும், எதைத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ண நீங்க யாரு?"

அவர் பல்லைக் காட்டினார். பிறகு தனியாக என்னிடம் வந்து, "மனசுல வச்சுக்காத தங்கச்சி" என்றார். மன்னிப்பை என்னிடம் கேட்கிறார்! யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். நான் அந்த ஆபீஸை விடும் வரைக்கும் அவர் போகவில்லை.

நானும் அவளும் பழையபடி சேர்ந்துதான் இருந்தோம். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் அவளுக்குத்தான் சொல்வேன். நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டில் குடும்பத்தோடு சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் நான் சமைத்ததை அவள் மறுபடியும் தொட்டதில்லை. அதற்கு அவளை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பாக்கெட்டை வீணாக்க மனசில்லாத ஒருவர், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒன்றைப் போகிற போக்கில் கெடுத்துவிட்டுப் போனார்.

இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. இன்றைக்கும் நாலு பேர் இருக்கிற இடத்தில் யாராவது சட்டென்று தமிழுக்கு மாறி, குரலைத் தாழ்த்தி, "நமக்குள்ள இருக்கட்டும்" என்று ஆரம்பித்தால், என் தாய்மொழியை ஒளிந்துகொள்கிற இடமாக்க விடக் கூடாது என்று, அங்கே இருக்கிற எல்லோருக்கும் புரிகிற மொழியில், எல்லோருக்கும் கேட்கிற குரலில்தான் பதில் சொல்கிறேன்.