குழிக்குள் படுத்திருந்த வெள்ளைக் கரடி

அந்தக் குளிர்காலத்தில் நான் கட்டிலைவிட்டு எழும்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு கருக்கள் தங்காமல் போயிருந்தன. இது மூன்றாவது. "கழிப்பறைக்கு மட்டும் எழும்புங்கோ" என்றார் தமிழ் டொக்டர். அதுவரை நான் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையொன்றில் நின்றபடியே வேலை செய்தவள். கால்களைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியாது. போர்வைக்குள் பாதங்களை ஆட்டிக்கொண்டே கிடந்தேன். கனடாவில், டொரன்டோவின் டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் மாடி வீட்டு யன்னலால் கார் நிறுத்துமிடமும் அடுத்த கட்டடமும்தான் தெரிந்தன.

கணவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் வேலை. போகவும் வரவுமே அவருடைய பாதி நாள் போய்விடும். எனக்குப் பொழுது போகட்டும் என்று ஒருநாள் நூலகத்திலிருந்து வீடியோ கசெற் ஒன்று கொண்டுவந்தார். அட்டையில் வெள்ளைக் கரடி.

"உந்தக் கரடியை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"நல்ல படமெல்லாம் ஆக்கள் எடுத்துப்போட்டினம். உதுதான் கிடந்தது. நீர் பாரும்."

அடுத்த நாள் வேறு வழியில்லாமல் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கரடிகள் எல்லாமே குளிர்காலத்தில் உறங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். ஆண் கரடிகள் உறைந்த கடலில் சீல் எனும் கடல்நாய் பிடித்துத் திரிகின்றன. கர்ப்பமான பெண் மட்டும் பனியில் குழி தோண்டி உள்ளே போய்ப் படுத்துவிடுகிறது. அதுவரை பார்த்ததோடு நானும் நித்திரையாகிவிட்டேன். அன்று பின்னேரம் கணவர் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவரை முறைத்துப் பார்த்தேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு அன்ரி மட்டக்களப்புக்காரி. தினமும் மத்தியானம் என்னைப் பார்க்க வருவார். கசெற்றை அவருக்காகத் திரும்பவும் போட்டேன். எனக்கு விளங்கிய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னேன்.

"குழிக்குள்ள இது என்னத்தத் தின்னும் புள்ள?"

"ஒண்டும் தின்னாது அன்ரி. மாசக்கணக்கில தண்ணியும் குடியாது. உடம்பில சேர்த்த கொழுப்பிலதான் சீவிக்கும். குட்டிக்குப் பாலும் அதிலயிருந்துதான்."

அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். எழும்பிப் போய், சோறும் மீன் சொதியும் கொண்டுவந்து வைத்தார்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் படத்தில் அந்தப் பகுதி வந்தது. வசந்தத்தில் கருத்தரித்தாலும் கரு உடனே வளர்வதில்லை. இலையுதிர்காலம் வரை வயிற்றுக்குள் காத்திருக்கும். தாயின் உடம்பில் போதிய கொழுப்பு இல்லாவிட்டால் அது ஒட்டாமலே போய்விடும். றிமோற்றை எடுத்துப் படத்தை நிறுத்தினேன்.

"என்னகா, ஏன் நிப்பாட்டினாய்?"

சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். என்னிடம் எது போதாமல் அந்த இரண்டும் போயின என்ற கேள்வியோடுதான் நான் அத்தனை நாளும் புரண்டு படுத்துக்கொண்டிருந்தேன். அதைக் கணவரிடம்கூடக் கேட்டதில்லை.

"நீ என்ன கரடியா? உன்னில ஒரு பிழையும் இல்லையெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ" என்றார் அன்ரி. பிறகு தானே றிமோற்றை வாங்கி ஏதோ ஒரு பொத்தானை அமத்தினார். கரடி பின்பக்கமாக நடந்து குழியைவிட்டு வெளியே போனது. அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

ஆனால் குட்டிகள் வெளியே வருவதை நாங்கள் பார்க்கவில்லை. அந்த இடத்துக்கு வரமுன்னமே வீடியோ டெக் நாடாவை விழுங்கிவிட்டது. நூலகத்தில் அந்தப் படத்துக்கு வேறு கொப்பி இல்லையாம் என்று கணவர் கேட்டுவந்து சொன்னார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தத் தாய்க்கு என்ன நடந்தது, குட்டிகள் தப்பினவா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் காலை அன்ரி கோட்டுப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அவருக்கு ஆங்கிலம் வராது. திரும்பி வந்தபோது கையில் சிறுவர்களுக்கான படப்புத்தகம் ஒன்று இருந்தது.

"எப்பிடிக் கேட்டனீங்கள்?"

"வெள்ளைத் தாளைக் காட்டினன். பிறகு ரெண்டு கையையும் தூக்கி உறுமினன். அங்க வேலை செய்யிற பொட்டை பயந்துபோச்சு. பிறகு சிரிச்சுப்போட்டுக் கூட்டிக்கொண்டு போச்சுது."

புத்தகத்தை நாங்கள் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். பிறக்கும்போது குட்டி ஒரு றாத்தல் பாணைவிட, அரைக் கிலோவைவிடக் கொஞ்சம்தான் பாரமாம். கண் திறந்திருக்காது. தாய் அதை நெஞ்சோடு அணைத்து மூச்சால் சூடாக்குமாம். எனக்குப் பிடித்தது வேறொன்று. தாய்க்கரடி செத்ததுபோல உறங்குவதில்லை. அடிக்கடி விழிக்கும், புரளும், சுவரைச் சுரண்டிக் குழியைப் பெரிதாக்கும். அதை அன்ரிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப அதுக்கும் உன்னைப்போலதான், கிடக்க ஏலாது" என்றார்.

பனி உருகத் தொடங்கிய ஒரு முற்பகலில், நாள் வருமுன்னமே பன்னீர்க்குடம் உடைந்தது. கணவர் மிசிசாகாவில். நான் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டுச் சுவரைத் தட்டினேன். அன்ரி வீட்டுச் செருப்போடு ஓடிவந்து, அதே செருப்போடு சேற்றுப்பனியில் இறங்கி என்னோடு ஆம்புலன்சில் ஏறினார். வழி முழுக்க என் கையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் தாதி கேட்டதற்கெல்லாம் "யெஸ், யெஸ்" என்றார். கணவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மகள் பிறந்துவிட்டாள்.

அவள் சின்னவள், கண்ணாடிப் பெட்டிக்குள் சில வாரம் வைத்திருந்தார்கள். நானும் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கதிரையில் இருக்கச் சொன்ன தாதிகள் பிறகு சொல்வதை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே அவளைத் துணியால் சுற்றித் தள்ளுவண்டியில் வைத்துக் கீழே இறக்கினேன்.

"பச்சை உடம்போட எங்க போறீர்?" என்று கணவர் பின்னால் கத்தினார்.

"கட்டிடத்தை ஒருக்காச் சுத்திப்போட்டு வாறன்" என்றேன்.

வெயில் இருந்தது, காற்று இன்னும் குளிராகத்தான் வீசியது. வண்டி ஓடும்வரை மகள் நித்திரை கொண்டாள், நிறுத்தினால் சிணுங்கினாள். எனக்கும் நிற்க விருப்பமில்லை. ஒரு சுற்று என்று சொல்லிப் போனவள், கணவர் கோட்டை மாட்டிக்கொண்டு தேடி வரும்வரைக்கும் நடந்துகொண்டேயிருந்தேன்.