டேங்க் நிரப்பிக் கொடுத்த ஐந்து டப்பாக்கள்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் நான் எழுப்பிய எந்தக் கட்டிடத்திலும் இன்றுவரை மயிரிழை விரிசல் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம். கடல் தாண்டிப் போய், சிமெண்ட் மூட்டை தூக்குவதில் தொடங்கி மேஸ்திரியாக உயர்ந்தேன். அங்கே என் கையில் இருந்த ஆட்களில் ஒருவனைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவன் சாரம் கட்டுகிறவன். எல்லோரும் அவனை டேங்க் என்று கூப்பிடுவோம்.

கட்டிடம் ஒரு மாடி உயரும் முன்பே அதைச் சுற்றி இரும்புக் குழாய்களை நிறுத்தி, கிளாம்ப் போட்டு முடுக்கி, மற்றவர்கள் நிற்கப் பலகை போடுவதுதான் சாரக்காரன் வேலை. அவன் கட்டிய சாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். டேங்க் என்ற பெயர் வந்தது வேறு காரணத்தால். பெயிண்டர்கள் தூக்கி எறியும் பெரிய வாளி ஒன்றைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, தனக்கென்று கயிறு கட்டி மேலே இழுத்து வைத்துக்கொள்வான். மதியத்துக்குள் அது காலியாகிவிடும். குடிக்கிற வேகத்துக்கு ஏற்ற மாதிரி இறங்கிப் போய்க்கொண்டும் இருப்பான். மேலே இருக்கிற மற்றவர்கள், அத்தனை மாடி இறங்கிக் கழிவறைக்குப் போகச் சோம்பல்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் காய்வார்கள். அவர்களுக்கு அவனைப் பார்த்தால் பொறாமை. இவ்வளவு வெயிலிலும் உள்ளே ஊற்று வற்றாத உடம்பு என்று சொல்லிக்கொள்வார்கள். நான் சொல்லப் போகிற வருடம் அவன் தொப்பை கரைந்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டான். அதையும் உடற்பயிற்சி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கு மெடிக்கல் நடக்கும். முதலில் சிறுநீர், அதில் ஏதாவது தெரிந்தால் அந்த ஆளின் பெயர் ஆபீசுக்குப் போகும், ஆபீஸ் அவனை ஊருக்கு அனுப்ப விமான டிக்கெட் போட்டுவிடும். இதுதான் வழக்கம். அதனால் மெடிக்கல் நாள் வந்தால் நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் எவனுக்கும் சோறு இறங்காது.

அந்தக் காலையில் ஆளுக்கொரு டப்பா கொடுத்துக் கழிவறைப் பக்கம் அனுப்பினார்கள். பூச்சுக்காரருக்கு நாள்பட்ட இருமல், சிமெண்ட் தூசி எல்லாம் அதில் தெரிந்துவிடும் என்ற பயம். பெயிண்டருக்குத் தன் உடம்பில் பாதி தின்னர் ஓடுகிறது என்ற பயம். டைல்ஸ்காரருக்கு முன்பே ஒருமுறை சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. கம்பி கட்டுகிறவன் முந்தின விடுமுறையில் செய்த காரியத்தை நான் எழுதப் போவதில்லை. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்து டேங்க்கைப் பார்த்தார்கள்.

பூச்சுக்காரர்தான் வாய் திறந்தார். "தம்பி, உனக்குத்தான் குறையே இல்லையே. கொஞ்சம் நமக்கும் ஊத்தேன்."

டேங்க் தர்மப் பிரபு மாதிரி கையை நீட்டினான். தன் டப்பாவையும் சேர்த்து ஐந்தையும் நிரப்பிவிட்டு, இன்னும் யாருக்காவது வேண்டுமா என்று கதவுக்கு வெளியே தலையை நீட்டினான். என்னையும் கேட்டார்கள். என் சொந்தச் சரக்கே எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி தடுத்திருக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். இடுப்புக்குக் கீழே நடக்கிற விவகாரத்தில் மேஸ்திரிக்கு ஏது அதிகாரம்?

மூன்றாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்த ஊர் பாஷை கட்டிட வேலைக்குப் போதுமான அளவு எனக்குத் தெரியும் என்பதால் எங்கள் ஆட்களுக்கு நான்தான் வாய். போனால், அங்கே கேம்ப் சமையல்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். என் ஆட்களில் ஐந்து பேருக்குச் சர்க்கரையாம். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை, ஐந்து பேருக்கும் ஒரே அளவு. இவர் சாப்பாட்டில் என்னத்தைக் கொட்டுகிறார் என்று டாக்டருக்குச் சந்தேகம். சமையல்காரரோ, மேஸ்திரி, நான் டீக்கே சர்க்கரையை எண்ணிப் போடுறவன்னு சொல்லுங்க என்று என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

சொன்னால் ஐந்து பேர் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால் சமையல்காரர் வேலை போகும். என் வேலையில் ஒருநாளும் பழியை அடுத்தவன் தலையில் கட்டிப் பழக்கமில்லை. நடந்ததைச் சொன்னேன். பாஷை போதாத இடத்தில் கையால் காட்டினேன்.

டாக்டர் முதலில் என்னை முறைத்தார். பிறகு மேசையில் கவிழ்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் இருந்த நர்ஸம்மா சிரிக்கவில்லை. நாலு பேரையும் வரவழைத்து விரலில் குத்திப் பார்த்தார். நாலு பேரும் சுத்தம். அப்படியானால் அந்த ஐந்தாவது ஆளை உடனே கூட்டி வாருங்கள், அவனுக்கு மயக்கம் எந்த நேரமும் வரலாம் என்றார்.  டேங்க் அப்போது உச்சி மாடிக்கு வெளியே சாரத்தில் நின்றிருந்தான்.

நான் போய்ச் சேரும் முன்பே விஷயம் அவனுக்கு எட்டிவிட்டது. இறங்கினால் விரலில் குத்துவார்கள், குத்தினால் டிக்கெட். சாப்பாட்டு மணி அடித்தும் அவன் வரவில்லை. அந்த வயதிலும் நான்தான் ஏறினேன். வேறு யார் சொன்னாலும் அவன் கேட்க மாட்டான்.

"டேங்கு, இறங்கு."

"வேலை கிடக்கு மேஸ்திரி."

"என்ன வேலை? முடுக்கின கிளாம்பையே திரும்பத் திரும்ப முடுக்கிக்கிட்டிருக்க."

அவன் திரும்பவில்லை. ஏறுவது ஒன்றுதான் தனக்குத் தெரிந்த தொழில் என்றும், ஊருக்கு அனுப்பிவிட்டால் ஓட்டு வீட்டில் எதன்மேல் போய் ஏறுவது என்றும் குழாயைப் பார்த்துப் பேசினான். இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள் அவனுக்கு. பேச்சை நான் வளர்க்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். கண்ணு எப்படி இருக்கு, உண்மையச் சொல்லு."

"கொஞ்ச நாளா ஒரு கிளாம்ப் ரெண்டாத் தெரியுது."

"அப்ப எதைப் பிடிப்ப?"

"ரெண்டுக்கும் நடுவுல பிடிப்பேன். இதுவரைக்கும் சரியாத்தான் இருந்திருக்கு."

நான் பக்கத்துக் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டேன். அத்தனை உயரத்தில் நான் அப்படிப் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

"நீ இறங்காம நான் இறங்கப் போறதில்ல. என் மூட்டு பிடிச்சுக்கிட்டா அப்புறம் ரெண்டு பேரையும் கிரேன்லதான் இறக்கணும், பாத்துக்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் நீங்க முன்னாடி போங்க என்று மரியாதைக்குச் சொல்லிப் பார்த்தான்.

"முன்னாடிதான்டா போறேன். விழுந்தா என் மேல விழு, மெத்து மெத்துன்னு இருக்கும்."

விழவில்லை. ஒவ்வொரு படியாகக் கால் வைக்கிற இடத்தை நான் சொல்லச் சொல்ல இறங்கி வந்தான்.

டாக்டர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஒரே ஒரு டப்பாவில் மட்டும் கோளாறு என்றால் அது அவர் மேசைக்கே வந்திருக்காதாம். வழக்கப்படி ஆபீசுக்குப் போய் டிக்கெட்டாகியிருக்கும். அல்லது அதற்குள் அவனே மேலிருந்து நேராகத் தரைக்கு விழுந்து வந்திருப்பான். ஐந்தும் ஒரே மாதிரி வந்ததால்தான், இது என்ன கூத்து என்று அவர் நேரில் பார்க்கக் கிளம்பினார். நாலு பயந்தாங்கொள்ளிகள் செய்த திருட்டுத்தனம் ஒரு ஆளைக் காப்பாற்றியது. யார் பெயரையும் ஆபீசுக்கு அனுப்பாமல் அவனுக்கு மாத்திரை கொடுத்தார். சர்க்கரை இறங்கும்வரை உயரத்தில் ஏறக்கூடாது, தரையில் வேலை உண்டா என்று கேட்டார். அதை யாரைக் கேட்க வேண்டும்? என்னைத்தானே. உண்டு என்றேன்.

மேலே போகிற குழாயையும் கிளாம்ப்பையும் தரையிலேயே தட்டிப் பார்த்து அனுப்பும் வேலையில் அவனைப் போட்டேன். பார்வை தெளியத் தெளியப் பாதிச் சாமானைக் கழித்துத் தள்ளினான். ஸ்டோர்காரர் என்னிடம் வந்து அழுதார். நாலு பேரும் நன்றிக்கடனாக அவனைப் படுத்திய பாடு அதைவிட வேடிக்கை. பெயிண்டர் அவன் டீயை முதலில் தான் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்; பாதி டீ அதிலேயே போய்விடும். இருமிக்கொண்டே பூச்சுக்காரர் அவனைச் சாயங்காலம் கேம்ப்பைச் சுற்றி நடத்திக் கூட்டிப் போவார். அதில் அவருக்கே இருமல் குறைந்தது. பெல்ட்டில் பழைய ஓட்டை மறுபடி உபயோகத்துக்கு வந்தபோது, டேங்க் மேலே ஏறினான். ஒரு கிளாம்ப்பைக் காட்டி, இது எத்தனை என்று கேட்டேன். ஒன்று என்றான்.

அடுத்த வருட மெடிக்கலில் நர்ஸம்மா கழிவறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராகத்தான் உள்ளே போகலாம். நாலு பேரும் வேண்டாவெறுப்பாகத் தங்கள் சொந்தச் சரக்கையே கொடுத்தார்கள். டேங்க் கடைசியாகப் போனான். நெடுநேரம் ஆளைக் காணோம். ஒருவழியாக, அடியில் கொஞ்சமே கொஞ்சம் இருந்த டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"மன்னிச்சிருங்க அண்ணே," என்றான் பூச்சுக்காரரைப் பார்த்து. "இந்த வருசம் எனக்கே பத்தல."