சட்டைக்கு ஒரு மன்னிப்பு

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த அலுவலகத்தில் இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஜன்னல் ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் அவளை வடிகட்டியக்கா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

சினிமாக்காரர்களைப் பேட்டி எடுத்து இணையத்தில் போடும் சேனல் அது. திரைச்சீலைக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் சுவரெல்லாம் கறுப்புத் துணி அடித்துப் பேட்டி எடுப்பார்கள். மைக்கில் இரைச்சல் விழக்கூடாதென்று ஏசியை அணைத்துவிடுவதால், எப்பேர்ப்பட்ட நட்சத்திரமும் அங்கே வியர்த்து வழிந்துதான் ஆக வேண்டும். இன்னொரு அறையில் எடுத்த படத்தை வெட்டி ஒட்டுகிறவர்கள், அவர்களோடு அக்கா. பேட்டிக்குக் கீழே பார்வையாளர்கள் எழுதுவதை வரி விடாமல் படித்து, வசவை நீக்கி, விளம்பரத்தை நீக்கி, பிரபலங்களின் பெயரில் நுழையும் போலிகளை மறைப்பது அவள் வேலை.

அதற்கு முன்னால் வெகுகாலம் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவள். கள்ள டிக்கெட்டைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம், விரலில் பட்டால் போதும், ஆளை ஓரமாக நிற்கவைத்துவிடுவாள். தியேட்டரை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிய பிறகுதான் இங்கே வந்தாள். இங்கே டிக்கெட் இல்லை, கள்ளத்தனம் மட்டும் அப்படியே இருந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "உன் கண்ணுல படாம ஒரு போலி தப்பிக்க முடியாதுங்கறாங்க. என்னை மட்டும் எப்படிடி உள்ள விட்டே?" என்று கேட்பார். "அன்னிக்கு கரண்ட் இல்ல" என்பாள் அக்கா.

அவர் வீட்டில் பேச்சு தெலுங்கு. கல்யாணமான புதிதில், மாமியாரும் நாத்தனாரும் தன்னைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்களோ என்ற சந்தேகத்திலேயே அந்த மொழியைப் பேசவும் படிக்கவும் கற்றுக்கொண்டாள். கற்ற பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பேசிக்கொண்டிருந்தது தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றி. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் கற்ற வித்தை வீண்போகவில்லை. ஒரு தெலுங்கு இயக்குநரின் பேட்டி வந்தபோது முழுக்க அவள் தலையில்தான் விழுந்தது.

எண்பதைத் தாண்டிய இயக்குநர் அவர். ஒரு காலத்தில் அவர் படங்கள் தமிழில் குரல் மாற்றி வந்து மாதக்கணக்கில் ஓடின. கடைசிப் படம் எடுத்து இருபது வருடம் ஆகியிருந்தது. மகன் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். அக்கா அந்தப் பேட்டியை வேலைக்காக ஒருமுறையும் ஆசைக்காக ஒருமுறையும் பார்த்தாள். மனிதர் யாரையும் குறை சொல்லவில்லை, தன்னைத் தவிர. படம் வெளியான நாளெல்லாம் போர்வையைப் போர்த்திக்கொண்டு தியேட்டரின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் ஜனங்களையே பார்ப்பாராம். "நாற்பது வருஷம் அவங்க முதுகைத்தான் பார்த்தேன். ஒருத்தரோடகூட உட்கார்ந்து பேசினதில்லை" என்று சொல்லிவிட்டு, வியர்வையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேட்டி வெளியானதும் எதிர்வினைகள் கொட்டின. முதல் ஆள் வழக்கம்போல "நான்தான் முதல்" என்று மட்டும் எழுதியிருந்தான். சிலருக்கு இதிலேயே ஜென்ம சாபல்யம். கேள்வி கேட்கும் தம்பி குறுக்கே குறுக்கே பேசுகிறான், அவன் வாயில் பிளாஸ்திரி ஒட்டுங்கள் என்று ஒருவர். என் அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் இவர் படத்துக்குத்தான் போனார்கள், பயந்துகொண்டு வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று ஒரு பெண். இன்னொருத்தி கேட்டிருந்தாள்: "கடைசிக் காட்சியில் மகன் வந்து கூப்பிடக் கூப்பிட அந்தத் தாய் ஏன் கதவைத் திறக்கவில்லை? முப்பது வருடமாக என் வீட்டுக்காரரிடம் கேட்கிறேன். அவர் தாழ்ப்பாள் கெட்டுப்போயிருக்கும் என்கிறார்." கூடவே ஒரு குசும்புக்காரர்: "மாடிப்படி ஏறும்போது நாயகன் சட்டை நீலம். மேலே போனதும் பச்சை. அன்றைக்கு யார் தூங்கிக்கொண்டிருந்தது?"

அந்தச் சட்டைக்காரருக்குக் கீழே மறுநாள் ஒரு பதில் வந்திருந்தது. தெலுங்கில், பிழையும் திருத்தமுமாக. "நான்தான். அன்று எனக்குக் கடும் காய்ச்சல். கவனிக்கவில்லை. மன்னிக்க வேண்டும்." எழுதியவர் பெயர் இயக்குநரின் பெயர். படம் கிடையாது. கணக்கு ஆரம்பித்து ஒருநாள்தான் ஆகியிருந்தது.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை போலிகளைப் பார்த்தவள்! புதுக் கணக்கு, முகம் இல்லை, எழுத்துப்பிழை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில். எல்லா லட்சணமும் அச்சு அசலாகப் பொருந்தின. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மன்னிப்பு. தியேட்டர் வாசலிலும் சரி, இந்த மாடியிலும் சரி, அவள் பார்த்த பெரிய மனிதர்கள் அவர்களே நம் காலை மிதித்தால்கூட நம் காலைத்தான் முறைப்பார்கள். "இவ்வளவு பெரிய மனுஷன் ஒரு சட்டைக்கு மன்னிப்புக் கேப்பாராம்ல! ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேணாம்?" என்று பக்கத்து மேசைக்குச் சொல்லிவிட்டு, மறை என்ற பொத்தானை அமுக்கினாள்.

அது அவரேதான்.

அந்தப் பொத்தானின் குணம் பொல்லாதது. மறைக்கப்பட்டவருக்குத் தான் மறைக்கப்பட்டது தெரியாது. அவர் எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. சண்டைக்காரர்கள் தாங்களே கத்திக் களைத்துப் போகட்டும் என்று செய்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கிழவர் மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிவிட்டு யாராவது திரும்பி ஒரு வார்த்தை சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றில் போட்ட கல்லாவது விழுந்த சத்தம் கேட்கும்.

அக்காவுக்கு இது ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் போயிற்று. பேட்டி நன்றாக ஓடியதால் இரண்டாம் பாகம் எடுக்கலாம் என்றார் முதலாளி. பேட்டி எடுத்த தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். இயக்குநர் மரியாதையாக மறுத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டான், மறுபடி மறுத்தார். "அக்கா, நீங்க வந்து அவர் பாஷையில ரெண்டு வார்த்தை பேசுங்க. மனசு இறங்குவாரு" என்று தம்பி அவளை அழைத்துக்கொண்டு போனான்.

மருமகள் கதவைத் திறந்தாள். துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழும் இடத்தில் இயக்குநர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேட்டியில் பார்த்ததைவிட ஒரு சுற்று இளைத்திருந்தார். அக்கா தெலுங்கில் பேசியதும் முகம் மலர்ந்தது. உட்காரு அம்மா என்று தானே நாற்காலியை இழுக்கப் போனார். ஆனால் இரண்டாம் பாகம் என்றதும் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்மா. பேசறதுக்கு எனக்கு ஆசைதான். கேக்கறவங்களுக்கு ஆசை இல்லையே."

"என்ன சார் அப்படிச் சொல்றீங்க? எத்தனை பேர் எழுதியிருக்காங்க!"

"எழுதினாங்க. நானும் ஒவ்வொருத்தருக்கும் பதில் எழுதினேன். கதவு ஏன் திறக்கலைன்னு கேட்ட அந்தம்மாவுக்கு மட்டும் நாலு நாள் யோசிச்சு, நீளமா எழுதினேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, திரும்பிப் பார்த்து 'சரி'ன்னு ஒரு வார்த்தை போடலை." அவர் குரலில் கோபம் இல்லை. "அவங்க மேல தப்பு இல்லைம்மா. வழியில பார்த்தா வணக்கம் சொல்லுவாங்க. அதுக்காக நாம கூடவே நடந்தா சங்கடம்தானே? எனக்குத்தான் அது புரிய இவ்வளவு நாளாச்சு."

டேப்லெட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். படமில்லாத அந்தப் பெயர். அந்தச் சட்டை. அந்த மன்னிப்பு. அதற்குக் கீழே அக்கா பார்த்தேயிராத பதில்கள், விரலால் தள்ளத் தள்ள, அவள் படிப்பதற்குள் நகர்ந்து, வந்துகொண்டே இருந்தன.

அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான்தான் சார் மறைத்தேன், யார் கண்ணிலும் உங்கள் பதில் படவில்லை. அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெலுங்கு பேசத்தான் வராது, கேட்டால் புரியும். நாளைக்கு அலுவலகம் முழுக்கச் சொல்லுவான். வடிகட்டியிலேயே ஓட்டை என்று சிரிப்பார்கள். நேராக அலுவலகம் போவோம், பொத்தானை அமுக்குவோம், எல்லாம் வெளியே வந்துவிடும், சாயங்காலத்துக்குள் நூறு பேர் பதில் போடுவார்கள், பெரியவர் பார்த்துக் குளிர்ந்துபோவார், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டாள். சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு எழுந்தாள். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

படி இறங்கும்போது தம்பி சொன்னான்: "அன்னிக்கே சொன்னாருக்கா. பேட்டி முடிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டே, எல்லாருக்கும் நானே பதில் எழுதப் போறேன்னாரு. வயசானவங்க சும்மா சொல்றதுதானேன்னு விட்டுட்டேன்."

"அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னடா?" என்று அக்கா கத்தியதில் தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவன் மிரண்டு போனான். இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

அலுவலகத்தில் நுழைந்ததும் முதலாளி பிடித்துக்கொண்டார். என்ன சொன்னார், ஏன் சொன்னார், அவருக்குப் பதில் யாரைக் கூப்பிடலாம் என்று கூடிக் கூடிப் பேசினார்கள். அக்கா தன் மேசையைப் பார்த்தபடியே நெருப்பின்மேல் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து மேசைக்கு ஓடி, மறைக்கப்பட்டவர்களின் வரிசையைத் திறந்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். அந்தப் பெயர் இல்லை.

இயக்குநர் வீட்டுக்குப் போன் போட்டாள். மருமகள்தான் எடுத்தாள். "நீங்க கிளம்பினதும் அந்தக் கணக்கை எடுத்துடும்மான்னாரு. நான்தான் அழிச்சேன். ஏன், எதாவது வேணுமா?"

கணக்கை அழித்தால் அது எழுதிய அத்தனையும் கூடவே போய்விடும். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, இங்கே வாலும் இல்லை. "சார்கிட்ட கொடுங்க" என்றாள் அக்கா. பக்கத்து மேசைகளில் எல்லோரும் இருந்தார்கள், தம்பியும் இருந்தான். இப்போது அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. எல்லோர் காதிலும் விழும்படி, நடந்ததை ஒன்றுவிடாமல் தெலுங்கில் சொன்னாள். நடுவில் அழுதாள்.

அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு மெல்லச் சிரித்தார். "என்னையே என்னை மாதிரி வேஷம் போடறவன்னு நெனச்சியா அம்மா? எதைப் பார்த்து அப்படித் தோணிச்சு?"

"நீங்க மன்னிப்புக் கேட்டீங்க சார்."

அக்கா அதோடு நிற்கவில்லை.

"இன்னொரு தடவை எழுதுங்க சார். நான் முன்னால நின்னு பார்த்துக்கறேன். எல்லாரும் பதில் போடுவாங்க சார், சத்தியமா."

"போட்டிருப்பாங்களா?" என்றார் ஆசையாக. உடனே அவரே, "அது இனிமே யாருக்கும் தெரியாதும்மா. ஒரு தடவை மனசுல இருந்து வந்ததை மறுபடி எழுதினா அது நடிப்பா போயிடும். நான் வாழ்நாள் பூரா அடுத்தவங்களை 'இன்னொரு டேக்'னு கேட்டு வாட்டினவன். எனக்குத் தெரியும், ரெண்டாவது முதல் மாதிரி வராது" என்றார்.

"அந்தக் கதவுக்கு என்ன சார் பதில் எழுதுனீங்க? அதையாவது சொல்லுங்க, நான் அந்தம்மாவுக்குச் சொல்லிடறேன்."

"அது அந்தம்மாவுக்கு எழுதினதும்மா" என்றார் அவர், தயக்கத்தோடு. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி போனை வைத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே போனதாக மருமகள் சொன்னாள். செய்தி வெளியானதும் அந்தப் பழைய பேட்டிக்குக் கீழே மறுபடியும் கூட்டம். கண்ணீர், கைகூப்பு, வாடிய பூ. கதவைப் பற்றிக் கேட்டவள், "இனி யாரிடம் கேட்பேன்?" என்று எழுதியிருந்தாள். அக்கா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத அவளிடம் ஒன்றும் இல்லை. அவர் எழுதியதில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரே ஒரு பதில்தான்.

அதையாவது சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவோம் என்று சட்டைக்காரரின் வரியைத் தேடிப் பிடித்தாள். சேனலின் பெயரில் எழுத மனம் வரவில்லை. தன் பெயரில் புதிதாக ஒரு கணக்கு ஆரம்பித்தாள். படம் வைக்கத் தோன்றவில்லை. பொறுக்கிப் பொறுக்கி எழுதினாள்: "அன்று இயக்குநருக்குக் கடும் காய்ச்சலாம். அதனால் சட்டையைக் கவனிக்கவில்லையாம். உங்களிடம் மன்னிப்புக் கேட்டார்."

பதில் உடனே வந்தது.

"செத்தவங்க பேர்லயும் ஆரம்பிச்சுட்டீங்களா? அவ்வளவு பெரிய மனுஷன் ஒரு சட்டைக்கு என்கிட்ட மன்னிப்புக் கேப்பாரா? போலிப் பசங்களா. யாராச்சும் இந்த ஆளைத் தூக்குங்கப்பா."

தூக்க வேண்டியவள் அவள்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, தான் எழுதியதையும் அவர் திட்டியதையும் தொடாமல் அப்படியே விட்டாள்.