பெயர் எழுதாத போத்தல்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க நானும் என் மனைவி புவனமும் கொழும்பிலிருந்து புறப்பட்டது அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதம். தனுஷ்கோடிக்கு அப்போது கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. புவனத்துக்கு வலிப்பு நோய். இரவுக்கு ஒரு குளிசை விழுங்கி வந்ததால் மூன்று வருடமாக அது தலைகாட்டவில்லை.

கரையிறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. சுங்க அதிகாரி பெட்டியைக் கிளறி, குளிசைப் போத்தலை எடுத்தார். ஒட்டியிருந்த துண்டில் ‘இரவு ஒன்று’ என்பதைத் தவிர ஓர் எழுத்து இல்லை. மருந்தின் பெயரைக் கேட்டார், எனக்குத் தெரியாது. டாக்டர் சீட்டைக் கேட்டார், இல்லை. புவனம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நானும் கையைக் காட்டி அவளை அடக்கினேன். இரண்டு குளிசையாவது தரும்படி கெஞ்சினேன். போத்தலை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தார். எங்கள் தேயிலைப் பொட்டலத்தைக்கூட நிறுத்துப் பார்த்த மனிதர், நோயாளியின் முகத்தை ஒருமுறை பார்க்கவில்லை.

மறுநாள் காலை திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்கினோம். செஞ்சிக்குப் பதினெட்டு மைல். பஸ் கட்டணம் ஆளுக்கு எழுபது காசு. வழியெல்லாம் பாறைமேல் பாறை அடுக்கிய குன்றுகள். நான் எதையும் ரசிக்கவில்லை. எட்டரை மணிக்குக் கடைத்தெருவில் மருந்துக்கடையைத் தேடிப் பிடித்தேன்.

“எதுக்குன்னு சொல்றீங்க, இன்னா மாத்திரைன்னு தெரியலன்றீங்க. சீட்டு இல்லாம எப்டிங்க குடுக்கறது?” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது நியாயம். அதனாலேயே என் கோபம் கூடியது. வாதாடிக்கொண்டிருந்தபோதே புவனம் கடைவாசலில் விழுந்தாள்; வலிப்பு வெட்டி இழுத்தது.

கூட்டம் சேர்ந்தது. ஒருவர் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார் இன்னொருவர். கடைக்காரர்தான் எல்லோரையும் விலக்கி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கிருந்த டாக்டர் இளைஞர். அவளுக்கு நினைவு தெளியும்வரை காத்திருந்து, என்ன மருந்து என்றார். நான் சுங்கக்காரரைத் திட்டத் தொடங்கினேன். அவர் என்னை நிறுத்திவிட்டு அவளிடம் குனிந்தார். “நீங்க சொல்லுங்கம்மா.”

“பினோபார்பிட்டோன். அரை கிரெயின்,” என்றாள். கொழும்பில் எங்கள் டாக்டர் குளிசை எண்ணிப் போடும் பெரிய போத்தலில் பெயரையும் அளவையும் வாசித்து வைத்திருந்தாளாம்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் சொல்ல விட்டனீங்களோ?”

அதற்குப் பிறகு யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். நோய், மருந்து, அளவு, எண்ணிக்கை எல்லாம் எழுதி, முத்திரை குத்திக் கடிதமும் தந்தார். மலை ஏறக்கூடாது என்றார். கோட்டை இருந்த ராஜகிரி மலையை அடிவாரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

கொழும்பில் எங்கள் டாக்டரிடம் சத்தம் போட்டேன். மருந்தின் பெயர் தெரிந்து நோயாளி என்ன செய்யப் போகிறார் என்று அவர் சிரித்தார். புவனம் சிரிக்கவில்லை. செஞ்சிக் கடிதத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

“இப்பிடி எழுதித் தாங்கோ,” என்றாள். அவர் எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழும்பவில்லை.