இருநூற்றுப் பதினொன்றாம் பூச்சி

நான் எவனையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. நீங்களும் என்னை நம்பவேண்டாம். ஆனால் நடந்தது நடந்ததுதான். 1994, டிசம்பர் 14, புதன்கிழமை.

லாட்வியாவில் எங்கள் ஊர்ப் பழைய மாளிகையில் கணப்பு மூட்டுவது என் வேலை. ரம்பத்தில் வலது கை விரல் இரண்டு போனபிறகு கிடைத்தது. விறகறைக்குப் பின்னால் ஒரு கட்டில். அதுதான் வீடு. மனைவி மில்டா போய்ச்சேர்ந்து ஆறு வருஷம்.

மாடியில் ஒரு புத்தகம் உண்டு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்த பாதிரியார் கையால் வரைந்த பூச்சிகள். செத்ததை வரையமாட்டாராம். யாராவது உயிரோடு கொண்டுவரவேண்டும். படத்துக்குக் கீழே நாள், மணி, கொண்டுவந்தவர் பெயர், அடையாளம். ‘கொல்லன் மனைவி, ஒற்றைக்கண்’ என்கிற மாதிரி. அந்தப் பழைய எழுத்து எனக்கு வராது. பொறுப்பாளர் ஸெல்மா சொல்லித்தான் தெரியும். மொத்தம் 210 படம். கடைசி இரண்டு தாளில் வெறும் எண் மட்டும். சாவி எங்கள் இரண்டு பேரிடம்தான்.

தாளில் ஈரம் ஏறாமலிருக்க, தினம் மூன்று மணிக்கு அங்கே கணப்பு மூட்டுவேன்.

அன்று விறகுப் பட்டைக்குள்ளிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சி விழுந்தது. குளிருக்கு அங்கே தூங்கியிருக்கிறது. சூடு பட்டு முழித்துவிட்டது. சிவப்பு இறக்கை. கண் மாதிரி நாலு பொட்டு. வெளியே விட்டால் செத்துப்போகும். மூடியிருந்த புத்தகத்தின் மேல் விட்டேன்.

“இரு. எனக்கும் துணையாச்சு” என்றேன். நான் வாய் திறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

3.40. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கதவைப் பூட்டிவிட்டு விறகெடுக்கக் கீழே இறங்கினேன்.

மேலே சத்தம்.

டிக்... டிக்... டிக்...

தூரிகையைக் கண்ணாடித் தம்ளரில் தட்டுகிற சத்தம்.

ஸெல்மா ஊரில் இல்லை. ஏறினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

திறந்தேன்.

நாற்காலி பின்னுக்குத் தள்ளியிருந்தது.

பூச்சி இல்லை.

புத்தகம் திறந்திருந்தது...

211. சிவப்பு இறக்கை. நாலு பொட்டு.

விரலை வைத்தேன்.

ஈரம்.

மறுநாள் ஸெல்மா வந்து பார்த்தாள். “பெரியவரே, குடிச்சிட்டு இதுல கை வச்சீங்களா?”

“இந்தக் கையால ரொட்டி வெட்டுறதே பெரும்பாடு. நான் படம் வரையறேனா?”

“அப்போ பாதிரியாரே வந்து வரைஞ்சிட்டுப் போனாராக்கும். ரீகா மியூசியத்துக்குக் கொண்டுபோய்க் காட்டப்போறேன். கட்டிலைக் காலிபண்ணத் தயாரா இருங்க.”

துணியை மூட்டை கட்டிவைத்தேன். வேறு போக்கிடம் கிடையாது.

மார்ச்சில் திரும்பிவந்தாள். என் முகத்தையே பார்க்கவில்லை. அந்த வண்ணத்துக்கும் மற்ற படங்களின் வயசுதானாம். ரீகாவில் இந்தப் புத்தகத்துக்கு ஒரு பட்டியல் இருந்ததாம். 1911இல் எழுதியது. நான் பிறந்தது 1931.

அந்தப் பட்டியலில் 211க்கு எதிரே இருந்ததை வாசித்தாள்.

“கொண்டுவந்தவர் இண்ட்ரிக்கிஸ், கணப்பு மூட்டுபவர். வலது கையில் மூன்று விரல்.”

“மூட்டையை அவுத்துடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். நான்தான் நிறுத்தி, 212க்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

அதற்கும் என் பெயர்தான். நாள் இல்லை. மணி இல்லை. என்ன பூச்சி என்றும் இல்லை.

அதற்குப் பிறகு புத்தகத்தில் தாளே கிடையாது.

இது மூன்றாவது குளிர்காலம். ஒவ்வொரு கட்டையையும் பனியில் தட்டி உதறித்தான் மாடிக்குக் கொண்டுபோகிறேன். ஓர் எறும்பைக்கூட விடுவதில்லை.

ஆனாலும் தினம் 3.40க்கு மேலே நாற்காலி நகர்கிறது.

மில்டா போனபிறகு, எனக்காகக் காத்திருக்கிற ஆள் அந்தப் பாதிரியார் ஒருவர்தான்.