கடை விலாசத்தில் குத்திய ஊசிகள்

எண்பதுகளில் மலேசியாவில், பினாங்கில் ஒரு சிறிய ஆராய்ச்சி அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். மூச்சு இழுப்பு நோய் வரும் பிள்ளைகள் எந்தப் பகுதியில் அதிகம் என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. கிளினிக்கிலிருந்து வரும் அட்டையில் விலாசத்தைப் படித்து, சுவரில் மாட்டிய வரைபடத்தில் அந்த வீடு இருக்கும் இடத்தில் சிவப்புக் குண்டூசி குத்துவது என் வேலை. ஊசிகள் எங்கே கூடுகின்றனவோ அங்கே காற்று கெட்டிருக்கிறது என்பது எங்கள் டாக்டரின் கணக்கு.

சொல்வதற்குச் சுலபம். குத்திப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். ஒரே தெருவுக்கு மலாயில் ஒரு பெயர், இங்கிலீஷில் ஒரு பெயர், நம்மவர்கள் வாயில் இன்னொரு பெயர். அட்டைகளில் மூன்றும் வரும், படத்தில் ஒன்றுதான் இருக்கும். 'புக்கிட் மெர்தாஜாம், கோயிலுக்குப் பின்னால்' என்று ஓர் அட்டை. எந்தக் கோயில்? அந்த ஊரில் கோயிலுக்கா பஞ்சம்? வீட்டு எண் எழுதியவர் தெருவை விட்டிருப்பார், தெருவை எழுதியவர் எண்ணை விட்டிருப்பார். மத்தியானத்துக்குள் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அதனால் முழு விலாசத்தோடு ஓர் அட்டை வந்தால் அதைக் கும்பிடத் தோன்றும். அப்படித்தான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு கடை எண் வந்தது. சந்தோஷமாகக் குத்தினேன். அடுத்த வாரம் வேறொரு பிள்ளைக்கு அதே எண். பிறகு இன்னொரு பிள்ளைக்கும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் ஊசி குத்த இடமே இல்லை. டாக்டருக்கு ஒரே உற்சாகம்.

"பாத்தீங்களா? அடுப்புப் புகை, லோரிப் புகை. இந்தத் தெருதான்லா!"

அது சோற்றில் கறி ஊற்றி விற்கும் நாசி கண்டார் கடை. நான் மதியச் சோறு வாங்குகிற கடையும் அதுதான். ஒரு கடை மாடியில் இத்தனை பிள்ளைகளா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் எல்லா அட்டைகளையும் முதலிலிருந்து சரிபார்க்கச் சொல்வார். எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த விலாசம் கொடுத்த பெற்றோர்களிடம், டவுன் காற்று பிள்ளைக்கு ஆகாது, வேறு இடத்தில் வையுங்கள் என்று டாக்டர் சொல்லத் தொடங்கினார்.

இரண்டு மாதம் கழித்து, சோறு வாங்கப் போன இடத்தில் மனசு கேட்காமல் கடை முதலாளியிடம் கேட்டேன். "அண்ணே, உங்க மாடியில எத்தனை பிள்ளைங்க இருக்கு?"

"பிள்ளைங்களா? மாடியில என் தங்கச்சியும் அரிசி மூட்டையும்தான். வேலையாளுங்க குடும்பமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பத்துல, கிராமத்துல இருக்கு. அங்க வீட்டுக்கு நம்பர் கிடையாது, போஸ்ட்மேன் வரமாட்டான். எல்லாருக்கும் கடுதாசி இங்கதான் வரும். விலாசம் கேட்டா இதைத்தானே குடுப்பாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது? நம்மவர்களுக்கு விலாசம் என்றால் கடிதம் வந்து சேருகிற இடம். என் அப்பாவே வருடக்கணக்காக எல்லாவற்றுக்கும் அலுவலக விலாசத்தைத்தான் கொடுத்தார். பிள்ளை எங்கே படுத்துத் தூங்குகிறது என்று அட்டையில் கேட்கவே இல்லை. டாக்டருக்குத் தெரியாதது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதலாளி கறியை ஊற்றிக்கொண்டே சொன்னார். "நம்ம கடை சமையக்காரர் மக ஒன்னுதான் இங்க இருந்துச்சு. பள்ளிக்கூடம் கிட்டன்னு என் தங்கச்சியோட மாடியில விட்டிருந்தாரு. வந்த பிறகு இழுப்புகூட கொறைஞ்சிருந்துச்சு. டவுன் காத்து ஆகாதுன்னு உங்க டாக்டர் சொன்னாருல்ல? மத்தவங்க பிள்ளைங்கதான் டவுன்லயே இல்லையே, தலையாட்டிட்டு வந்துட்டாங்க. இவரு பயந்துபோய் கம்பத்துக்கே திருப்பி அனுப்பிட்டாரு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. அந்தக் கம்பத்துக்கு வழி கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் விடுப்பு எடுத்து, ஃபெரியில் கடலைக் கடந்து, பஸ் பிடித்து அந்தக் கம்பத்துக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ரப்பர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. வீடுகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றில் பழைய மின்கம்பிகளை எரித்துச் செம்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். புகை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் புகுந்து போனது. என் படத்தில் அந்த இடத்தில் ஓர் ஊசிகூட இல்லை.

சமையல்காரரின் வீட்டை விசாரித்துப் போனேன். சிறுமி சுவரில் சாய்ந்து, தோள்கள் ஏறி இறங்க, மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கிளினிக்கிலிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது.

"வாங்க மிஸ்ஸி. டாக்டர் சொன்ன மாதிரியே டவுனை விட்டுக் கூட்டிட்டு வந்துட்டோம். இன்னும் எத்தனை நாள்ல சரியாகும்?"

நான் தரையில் உட்கார்ந்தேன். "அக்கா, தப்பு எங்களோடது. இந்தப் புகைதான் ஆகல. கிளம்புங்க, நானும் கூட வரேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். அப்புறம் கடை மாடியிலேயே இருக்கட்டும்."

அவள் எழவில்லை. மகளை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அங்க போன பிறகு, மறுபடியும் மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"